நாட்டுத் தக்காளி விதை: ரகம் மாறாமல் எடுத்து வைப்பது எப்படி?

இரண்டு பட்டம் ஒரே மாதிரி காய்த்த தக்காளி, மூன்றாம் பட்டத்தில் வேறு வடிவத்தில் காய்த்தால் "விதை கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் நடந்திருப்பது மூன்றில் ஒன்று: பக்கத்துச் செடியின் மகரந்தம் சேர்ந்திருக்கும், விதைப் பொட்டலம் மாறியிருக்கும், அல்லது கைக்கு வந்ததே ஒட்டு ரகப் (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய ஹைப்ரிட்) பழத்தின் விதையாக இருக்கும்.

மூன்றாவதை முதலில் பாருங்கள். ஒட்டு ரகப் பழத்தின் விதையும் நன்றாக முளைக்கும், காய்க்கும். ஆனால் செடிக்குச் செடி உயரமும் காயும் பிரியும். சந்தையில் ஆப்பிள் தக்காளி என்று விற்பதில் பெரும்பங்கு ஒட்டு ரகம்தான். 'நாட்டுத் தக்காளி' என்று கூவி விற்பதையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 போன்ற ரகத்தில் தொடங்குவது பாதுகாப்பானது. அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து வந்த ரகம் இது. பழம் தட்டை உருண்டையாக, காம்பைச் சுற்றிப் பச்சைத் தோளுடன் இருக்கும். வேறு விதையென்றால் ஏழெட்டுச் செடி ஒன்றாக வளர்த்துப் பாருங்கள். இலை, உயரம், காய் மூன்றும் ஒத்துப்போனால் நிலைத்த ரகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பூவைக் கவனியுங்கள்

தக்காளி தன் மகரந்தத்திலேயே கருவுறும் பயிர். மகரந்தப் பைகள் ஒட்டிச் சேர்ந்து மஞ்சள் கூம்பாக நிற்கும்; மகரந்தத்தை ஏற்கும் பெண் பாகமான சூல்முடி அதற்குள் ஒளிந்திருக்கும். அந்தக் கூம்பின் நுனிக்கு வெளியே பச்சைப் புள்ளியாகச் சூல்முடி நீட்டிக்கொண்டிருந்தால், பூவை அதிரவைத்து மகரந்தம் எடுக்கும் கருவண்டு வேறு செடியின் மகரந்தத்தை அதில் ஒட்டிவிட முடியும். சிறுபழத் தக்காளிகளிலும் உருளைக்கிழங்கு போன்ற அகன்ற இலை உள்ள ரகங்களிலும் இது அதிகம். கடும் வெயிலில் சாதாரண ரகமும் சூல்முடியை நீட்டும். அதனால் சித்திரை வெயிலில் பூத்த பூவின் விதையை ரகம் காக்க எடுக்காதீர்கள். ஆடிப்பட்டமோ கார்த்திகைப் பட்டமோ நல்லது.

விவசாயிகளுக்கு விற்கும் சான்று விதை உற்பத்தியில் ரகத்துக்கு ரகம் 25 மீட்டரும், அந்தச் சான்று விதைக்கு மூலமான ஆதார விதைக்கு 50 மீட்டரும் இடைவெளி கேட்கிறார்கள். மாடித் தோட்டத்தில் அது நடக்காது. பைதான் வழி. மொட்டு மஞ்சள் காட்டி, இன்னும் விரியாமல் இருக்கும் கொத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஏற்கெனவே விரிந்த பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிட்டு, மெல்லிய வலைத்துணிப் பை போட்டு, அடியில் பஞ்சு சுற்றிக் கட்டுங்கள். பஞ்சில்லாமல் கட்டினால் காம்பு நசுங்கும், எறும்பும் நுழையும். தினமும் காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் கொத்தை விரலால் நாலு சுண்டு சுண்டுங்கள். பைக்குள் காற்று குறைவு, சுண்டாவிட்டால் பூ உதிரும். பிஞ்சு கோலிகுண்டு அளவு வந்ததும் பையை எடுத்துவிட்டு, உடனே காம்பில் வண்ண நூல் கட்டுங்கள். நூலை மறந்தால் எது பையில் விளைந்த காய் என்று பழுக்கும்போது தெரியாது.

செடியைத் தேர்ந்தெடுங்கள், பழத்தை அல்ல

இருப்பதில் பெரிய பழத்தை விதைக்கு வைப்பது நம் வழக்கம். நிலைத்த ரகத்தில் ஒரே செடியின் பெரிய பழத்துக்கும் சிறிய பழத்துக்கும் மரபில் வேறுபாடில்லை. தண்ணீரும் உரமும் கொத்தின் இடமும்தான் அளவை மாற்றுகின்றன. அதனால் பத்துச் செடி வளர்த்து, இலை மாறியதையும் உயரம் மாறியதையும் பூக்கும் முன்பே பிடுங்கிவிட்டு, நல்ல ஐந்தாறு செடிகளின் பழங்களைச் சேர்த்து விதை எடுங்கள். இலைச்சுருட்டு வந்த செடியும் இலையில் தேமல் படர்ந்த செடியும் வேண்டாம். தேமல் வைரஸ் விதைத் தோலிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த பட்டத்துக்கு வரும்.

அகன்ற இலை ரகம் வைத்திருப்பவர்களுக்கு நாற்றங்காலிலேயே ஒரு சோதனை இருக்கிறது. அந்த இலைப் பண்பு ஒடுங்கு பண்பு, அதாவது சாதாரண இலைப் பண்போடு கலந்தால் வெளியே தெரியாமல் மறைந்துவிடும். அதன் விதையில் வெட்டு வெட்டான சாதாரண இலையுடன் நாற்று வந்தால், கலப்பு நடந்திருக்கிறது அல்லது வேறு விதை கலந்திருக்கிறது.

விதை எடுப்பது

நன்றாகப் பழுத்து லேசாகக் குழைந்த பழத்தைக் குறுக்கே வெட்டி, சாறோடு விதையைக் கண்ணாடி டம்ளரில் பிழியுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஊற்றினால் விதை முளைவிட வாய்ப்பு கூடும். துணி மூடி நிழலில் வைத்து, காலையும் மாலையும் கலக்குங்கள். நம் ஊர் வெப்பத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு நாள் போதும். விதையைச் சுற்றிய கோந்து கரைந்து, விரலில் சொரசொரப்பாகத் தட்டுப்பட வேண்டும். தண்ணீர் விட்டு அலசினால் பொக்கு விதை மிதக்கும், நல்லது அடியில் தங்கும்.

பீங்கான் தட்டில் பரப்பி, நிழலில் ஒரு வாரம், தினமும் கிளறி உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். வளைத்தால் விதை மடங்காமல் ஒடிந்தால் பதம். பிறகு ரகம், மாதம், ஆண்டு, எத்தனை செடிகளின் விதை என்பதை எழுதிய உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கண்ணாடிப் பாட்டிலில் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். நாலைந்து ஆண்டு தாங்கும். வெளியே எடுத்தால் பாட்டில் குளிர் தணிந்து அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் விதையில் படியும்.

ஒவ்வொரு பட்டத்து விதையிலும் பாதியை விதைக்காமல் வையுங்கள். கலப்பு தெரிந்தால் அந்தப் பட்டத்து விதையை ஒதுக்கி, முந்தைய உறைக்குத் திரும்பலாம். கலந்த செடியே பிடித்துப்போனால், அதற்குப் புதுப்பெயர் கொடுத்து, தனிச் செடியாகத் தேர்ந்து ஆறேழு தலைமுறை எடுத்துச் செல்லுங்கள். தன் மகரந்தத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு பாதியாகக் குறையும். அதுவரை பழைய பெயரில் யாருக்கும் கொடுக்காதீர்கள்.