தலை மழுங்கிய போல்ட்டைக் கழற்றும் முறை

ஸ்பேனர் ஒருமுறை வழுக்கினால் அத்தோடு நிறுத்துங்கள். மறுபடி தம் பிடித்துத் திருப்பினால் மிச்சமிருக்கும் மூலையும் போய்விடும். கோளாறு பெரும்பாலும் தலையில் இல்லை, மரையில் ஏறிய துருவில். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் உப்புத் தோல் ஏற்றும் வண்டிகளின் அடிப்பாகத்தில் இது சகஜம். சொட்டும் உப்புத் தண்ணீர் போல்ட்டை அரித்துப் பிடிக்க வைத்துவிடும்.

கம்பி பிரஷ்ஷால் மண்ணைச் சுரண்டிவிட்டு துரு இளக்கும் ஸ்ப்ரே அடியுங்கள். தலைமேல் அடித்துப் பயனில்லை. மரை தொடங்கும் இடத்தில் படவேண்டும். மறுபக்கம் போல்ட் நுனி தெரிந்தால் அங்கும் அடிக்கலாம். அரை மணி நேரமாவது ஊறட்டும். வேலூர் சித்திரை வெயிலில் சீக்கிரம் காயும், நடுவில் மறுபடி அடிக்கவும். தலையில் நேராக நாலு தட்டு தட்டினால் துரு விரிசல் விட்டு எண்ணெய் இறங்கும்.

பிறகு ஆறுமூலை சாக்கெட். பன்னிரண்டு மூலை சாக்கெட்டும் டபுள் எண்ட் ஸ்பேனரும் மூலையில் மட்டுமே பிடிக்கும், அதனால்தான் மழுக்குகின்றன. 13 மி.மீ. தலை தேய்ந்திருந்தால் அரை அங்குல சாக்கெட்டை (12.7 மி.மீ.) சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள். முதலில் இறுக்கும் பக்கம் லேசாக அசைத்து, அப்புறம் கழற்றும் பக்கம். தலையில் ஆறுமூலைக் குழி உள்ள ஆலன் போல்ட் என்றால் குழியைவிட ஒரு பொடி பெரிய ஸ்டார் பிட்டை அடித்து இறக்கலாம்.

அதற்கும் மசியாவிட்டால் நட்டு வெல்டிங். இதுதான் நம்பகமான வழி. முலாம் பூசாத நட்டைத் தலைமேல் வைத்து, ஓட்டைக்குள் நிரப்பி வெல்டு வையுங்கள். பாதி வேலையைச் சூடே முடித்துவிடும். அதற்குமுன் ஸ்ப்ரேயைத் துடைத்துவிடுங்கள், அது தீப்பிடிக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை அதே பாகத்தில் மாட்டுங்கள். பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ் பக்கத்தில் இருந்தால் வெல்டிங்கே வேண்டாம்.

வெல்டிங் முடியாத இடத்தில் தலையைத் துளைத்து எடுங்கள். எம் 8 (8 மி.மீ. தண்டு) போல்ட்டுக்கு சென்டர் பஞ்ச் அடித்து, சிறிய பிட்டில் தொடங்கி 8 மி.மீ. பிட் வரை போனால் தலை கழன்றுவிடும், இழுவிசை விடும். மிஞ்சிய தண்டை வைஸ் கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் குறடு) பிடித்துத் திருப்பலாம். ஈசி அவுட் (போல்ட்டில் துளையிட்டு உள்ளே இறக்கி, எதிர்ப்பக்கம் திருப்பி எடுக்கும் கருவி) கடைசி வழி: அது உள்ளே முறிந்தால் அதன் கடின எஃகில் சாதாரண பிட் இறங்காது. எல்லாம் தோற்றால் முழுதும் துளைத்து மரை வெட்டவேண்டும்: எம் 6-க்கு 5 மி.மீ. பிட், எம் 8-க்கு (1.25 மி.மீ. பிட்ச், அதாவது மரை இடைவெளி) 6.8 மி.மீ. பிட்.

புது போல்ட்டின் தலையில் பழையதன் வலிமை எண்ணே இருக்கவேண்டும், 10.9 இருந்த இடத்தில் 8.8 போடக்கூடாது, பிரேக், சஸ்பென்ஷன் என்றால் கண்டிப்பாக.