கவுண்டிக்குக் குடிவந்தவர்கள் கவுன்சில் டாக்ஸில் செய்யும் தவறுகள்

பிப்ரவரி வந்தால் இங்கிலாந்தின் சர்ரே கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போல) உள்ளூர்ச் செய்தி ஒன்றுதான்: ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளூர் நிர்வாகம் போடும் வரியான கவுன்சில் டாக்ஸைக் கவுண்டி கவுன்சில் மறுபடியும் ஏற்றுகிறது. மார்ச்சில் பில் வரும். ஏப்ரலில் தெரிந்தவர்களிடமிருந்து எனக்குப் போன் வரத் தொடங்கும். டோல்வர்த், சர்பிடன் பக்கம் வாடகைக்கு இருந்துவிட்டு ஈவல், எப்சம், வோக்கிங் என்று வீடு வாங்கிப் போன நம் குடும்பங்கள்தான் அதிகம். கடிதத்தைப் படித்துச் சொல்வது, படிவம் நிரப்பிக் கொடுப்பது என்று பல வருடமாக உதவி வருகிறேன். புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் பாதி நானும் ஒரு காலத்தில் செய்தவைதான். பில்லைக் கட்டுங்கள், வீடு மாறினால் சொல்லுங்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

செய்தியில் வந்த சதவீதத்தைப் பார்த்துப் பதறுவது

டோல்வர்த்தில் இருக்கும்வரை கிங்ஸ்டன் என்று ஒரே கவுன்சில்தான். குப்பை எடுப்பதும் அதுதான், முதியோர் பராமரிப்பும் அதுதான். பக்கத்திலேயே இருக்கும் ஈவலுக்கு வந்துவிட்டால் இரண்டு கவுன்சில். பில் அனுப்பிப் பணம் வாங்குவது எப்சம் அண்ட் ஈவல் பரோ கவுன்சில் (பரோ என்பது கவுண்டிக்குள் இருக்கும் சின்ன நிர்வாகப் பகுதி). அந்தப் பணத்தில் பெரும்பகுதி போய்ச் சேருவதோ சர்ரே கவுண்டி கவுன்சிலுக்கு. போலீசுக்கும் ஒரு பங்கு உண்டு.

2023 ஜூனில் வோக்கிங் பரோ கவுன்சில் கையில் பணமில்லை என்று நோட்டீஸ் கொடுத்தது. அடுத்த வருடம் வரியை 9.99 சதவீதம் ஏற்றியது. மொத்த பில்லும் பத்தில் ஒரு பங்கு கூடும் என்று பலர் பயந்தார்கள். அந்த ஏற்றம் பரோவின் சின்னப் பங்குக்கு மட்டும்தான். அதே வருடம் கவுண்டி ஏற்றிய 4.99 சதவீதம்தான் பவுண்ட் கணக்கில் அதிகம் பிடித்தது, ஏனென்றால் அதன் பங்கு பல மடங்கு பெரியது.

4.99 என்ற எண் வருடாவருடம் வருவதற்கும் காரணம் உண்டு. பொதுச் செலவுக்கு 2.99, முதியோர் மற்றும் உடல்நலம் குன்றியவர்களின் பராமரிப்புக்கு 2 என்று அதுவரை ஏற்றக் கவுண்டிக்கு வாக்கெடுப்புத் தேவையில்லை. அதற்கு மேல் போனால் மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். பராமரிப்புச் செலவு, குழந்தைகள் நலன், சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கான பள்ளி வண்டி எல்லாம் கூடிக்கொண்டே போவதால் கவுண்டிகள் அந்த எல்லையைத் தொட்டுவிட்டுத்தான் நிற்கின்றன. வீட்டின் மதிப்பை வைத்து வரிக்காகப் போடும் படிதான் பேண்ட். இங்கிலாந்தில் ‘டி’ பேண்ட் வீட்டுக்குச் சராசரி வரி 2024-25இல் 2,171 பவுண்ட். அடுத்த வருடம் அது 2,280 ஆனது.

செய்தியை விடுங்கள், பில்லின் ஒவ்வொரு வரியையும் பாருங்கள். பில்லில் சந்தேகம் இருந்தால் கவுண்டிக்குப் போன் செய்து பயனில்லை, பரோவிடம்தான் கேட்க வேண்டும்.

ரிமைண்டர் கடிதத்தை ஓரமாக வைப்பது

எத்தனை பேரிடம் சொன்னாலும் இந்த ஒன்று மட்டும் ஓயவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கவுன்சில் டாக்ஸ் மாதாமாதம் கட்டும் கட்டணம் போலத் தெரிகிறது. சட்டப்படி அது ஒரு வருடத்துக்கான வரி. தவணையில் கட்டுவது நமக்குக் கொடுத்திருக்கும் சலுகை, தவறினால் அந்தச் சலுகை போய்விடும். 1992இல் வந்த விதிமுறை இப்படிச் சொல்கிறது: ஒரு தவணை தவறினால் ரிமைண்டர் வரும். ஏழு நாளுக்குள் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இன்னும் ஏழு நாளில் அந்த வருடத்து மீதி முழுவதும் ஒரே தொகையாக வந்து நிற்கும். 2,280 பவுண்டைப் பத்துத் தவணையாகப் பிரித்தால் மாதம் 228. ஏப்ரல், மே கட்டிவிட்டு ஜூனில் தவறவிட்டவர் 228 பவுண்ட் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருப்பார். இரண்டு வாரம் கழித்து அவர் கட்ட வேண்டியது 1,824 பவுண்ட்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கணவருக்கு வேர்ஹவுஸில் இரவு ஷிப்ட், மனைவிக்கு கேர் ஹோமில் வேலை. பேங்க் மாற்றியபோது டைரக்ட் டெபிட் ஒரு மாதம் திரும்பிவிட்டது. ரிமைண்டர் வந்ததைப் போனில் சொன்னார். உடனே கட்டிவிடு என்றேன். “ஒரு மாசம்தானே அண்ணா, அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிடறேன்” என்றார். அடுத்த மாதம் அவர் கட்டியதும் வழக்கமான ஒரு தவணைதான். பழைய பாக்கி அப்படியே இருந்தது. அப்புறம் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. அதோடு கோர்ட் செலவும் கணக்கில் ஏறியது.

கோர்ட்டுக்குப் போய் நிலைமையைச் சொல்லலாம் என்று நம்பினார். பணமில்லை என்பதை அங்கே ஒரு காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வரி கட்ட வேண்டியவர் நீங்கள்தானா, முறைப்படி கேட்டார்களா, கட்டியாயிற்றா, இவ்வளவுதான் கேள்வி. ஒரே காலையில் வரிசையாகப் பல பேருடைய வழக்கை முடித்து லயபிலிட்டி ஆர்டர், அதாவது பாக்கியைக் கட்டியே ஆக வேண்டும் என்ற உத்தரவு, கொடுத்துவிடுவார்கள். அந்த ஆர்டர் கையில் இருந்தால் கவுன்சில் சம்பளத்திலிருந்தே நேராகப் பிடிக்கலாம், கடனுக்குப் பொருளை எடுத்துப்போகும் பெயிலிஃபையும் அனுப்பலாம். இவருக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். வேலையிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று அவர் பட்ட வேதனை, பணம் போனதைவிடப் பெரிது. ஒரு போன் செய்திருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

ஆகவே ரிமைண்டர் வந்தால் அன்றைக்கே கட்டுங்கள். முடியாவிட்டால் அந்த ஏழு நாளுக்குள் பரோவைக் கூப்பிடுங்கள். மீதியைப் பிரித்துக் கட்ட வழி கேளுங்கள். பத்துத் தவணை பாரமாக இருந்தால் பன்னிரண்டாக மாற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, முடிந்தால் ஏப்ரலுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். நிஜமாகவே கஷ்டம் என்றால் கவுன்சில் டாக்ஸ் சட்டத்தின் 13ஏ பிரிவின்படி குறைத்துத் தரும்படி எழுதலாம். கொடுப்பதும் மறுப்பதும் கவுன்சிலின் முடிவு, ஆனால் கேட்காமல் எதுவும் கிடைக்காது. கடன் பல பக்கம் இருந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இலவச ஆலோசனை மையத்தில் ‘ப்ரீதிங் ஸ்பேஸ்’ கேளுங்கள். தகுதி இருந்தால் அறுபது நாள் யாரும் வசூல் நடவடிக்கை எடுக்க முடியாது. கவுன்சில் டாக்ஸ் பாக்கியும் அதில் அடங்கும்.

இன்னொன்று. ரிமைண்டர் வந்ததும் கட்டிவிட்டால் தவணை தொடரும், ஆனால் இந்தச் சலுகை ஒரே வருடத்தில் இரண்டு தடவைதான். மூன்றாவது முறை தவறினால் நேராக இறுதி நோட்டீஸ், மீதி முழுவதையும் கேட்பார்கள். 2025இல் அரசு இந்த விதிகளை இளக்குவது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டது. அதை நம்பிக் கடிதத்தைப் பிரிக்காமல் வைக்காதீர்கள்.

பேண்ட் தவறு என்று விண்ணப்பித்துவிட்டுக் கட்டுவதை நிறுத்துவது

முடிவு வரும்வரை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வென்றால் திருப்பித் தருவார்கள். பேண்ட் என்பது 1991 ஏப்ரல் 1இல் அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதைப் பொறுத்தது. நீங்கள் இப்போது கொடுத்த விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மறுபரிசீலனையில் பேண்ட் ஏறவும் செய்யலாம், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து.

கமிஷன் கேட்கும் ஏஜென்ட்

பேண்டை எதிர்க்கக் கட்டணமே கிடையாது.

விசாவுக்குப் பயந்து தள்ளுபடியை விட்டுவிடுவது

தனியாக இருப்பவருக்கு 25 சதவீதம் குறையும். ‘அரசு நிதி பெறக்கூடாது’ என்ற நிபந்தனை விசாவில் இருப்பதால் பலர் இதைக் கேட்கவே பயப்படுகிறார்கள். இந்த 25 சதவீதம் அரசு நிதிக் கணக்கில் வராது. தைரியமாகக் கேளுங்கள். ஆனால் வருமானம் குறைந்தவர்களுக்கான ‘கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன்’ அந்தக் கணக்கில் வரும். அந்த நிபந்தனை உள்ளவர்கள் அதற்கு விண்ணப்பித்தால் விசாவுக்கே சிக்கலாகலாம். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் படிவத்தில் தவறான கட்டத்தை டிக் செய்துவிடுகிறார்கள். ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

வீட்டில் எத்தனை பெரியவர்கள் என்று எண்ணும்போது முழுநேரம் படிப்பவரைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மனைவி மாணவி, கணவர் வேலை பார்க்கிறார் என்றால் 25 சதவீதம் குறையும். பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாத கணவர் விசா நிபந்தனையால் அரசு உதவியே பெற முடியாதவர் என்றால் முழு விலக்கே கிடைக்கலாம். விசா விவரத்தோடு எழுதிக் கேளுங்கள்.

ஊரிலிருந்து அம்மா அப்பா ஆறு மாதம் வந்து தங்கினால் தள்ளுபடி போய்விடாது. அவர்கள் வீடு ஊரில்தான் இருக்கிறது. ஆனால் தம்பியோ நண்பரோ நிரந்தரமாகக் குடிவந்தால் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் பாக்கியோடு 70 பவுண்ட் அபராதமும் போடலாம்.

மறதி நோய் உள்ள பெரியவருக்குக் கேட்காமல் இருப்பது

நம் குடும்பங்களில் யாரும் கேட்காத தள்ளுபடி இது. வீட்டில் டிமென்ஷியா உள்ள ஒருவர் இருந்தால், டாக்டர் சான்று கொடுத்து, அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (பராமரிப்புத் தேவைப்படும் முதியவருக்கு அரசு தரும் பணம்) போன்ற உதவிக்கும் அவர் தகுதி பெற்றிருந்தால், அவரைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீட்டில் ஒருவருக்கு இப்படி என்றால் 25 சதவீதம் குறையும். அவர் தனியாக இருந்தால் வரியே இல்லை. படிவத்தின் தலைப்பில் கடுமையான மனநலக் குறைபாடு என்று இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கூசிப்போய் விட்டுவிடுகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அது சட்டம் வைத்த பெயர். முந்தைய வருடங்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

சக்கர நாற்காலிக்காக உள்ளே இடம் விட்டிருந்தாலோ, இயலாதவருக்காக இரண்டாவது குளியலறை தேவைப்பட்டாலோ பேண்ட் ஒரு படி இறங்கும். இதற்குத் தனி விண்ணப்பம்.

போனுக்கு வரும் ‘ரிஃபண்ட்’ லிங்க்

தொடாதீர்கள்.

புது கவுன்சில் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது

2027 ஏப்ரலில் சர்ரே கவுண்டியும் அதன் பரோக்களும் போய் கிழக்கு சர்ரே, மேற்கு சர்ரே என்று இரண்டு கவுன்சில்கள் வருகின்றன. எப்சம், ஈவல் கிழக்கில், வோக்கிங், கில்ட்ஃபோர்ட் மேற்கில். பழைய பாக்கி அழிந்துவிடும் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அழியாது, புது கவுன்சிலின் கணக்குக்குப் போகும். தள்ளுபடிக் கடிதம், கட்டிய ரசீது, பரோவோடு பேசிய தேதி எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் இப்போதே போட்டு வையுங்கள்.