கைக்குழந்தை வீட்டில் இருக்கும்போது நிகழ்ச்சித் தொழில் தொடங்குவது எப்படி?

நிகழ்ச்சி ஏற்பாட்டுத் தொழிலில் பிற வேலைகளை முன்பின் நகர்த்தலாம். தேதியை நகர்த்த முடியாது. அரங்கு, மேடை, ஒலி, ஒளி, உணவு என எல்லாரும் அந்த ஒரு நாளை நம்பியே இருக்கிறார்கள். ஆகவே, புதிதாகத் தந்தையாகியிருப்பவர், மாதத்தில் எத்தனை தேதிகளுக்கு வாக்குக் கொடுக்கலாம் என்பதை முதலில் மனைவியுடன் அமர்ந்து முடிவு செய்துகொள்ள வேண்டும். தடுப்பூசி நாட்களும் மருத்துவப் பரிசோதனை நாட்களும் நாட்காட்டியில் ஏறிய பிறகே வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லுங்கள்.

பச்சிளங்குழந்தை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் உறங்கும் என்று கேள்விப்பட்டு, அந்த நேரத்தில் அலுவலக வேலையை முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. அந்தக் கணக்கு பலிக்காது. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கேட்கும் குழந்தையின் உறக்கம் துண்டு துண்டாகத்தான் அமையும். அழுகையும் பெரும்பாலும் ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதங்களில்தான் தணியும். எனவே முதல் மூன்று மாதங்களில், அரங்குகளின் வாடகை விசாரிப்பது, ஒப்பந்தப் படிவம் எழுதுவது போன்ற, பாதியில் விட்டு மீண்டும் தொடரக்கூடிய வேலைகளை வைத்துக்கொள்ளலாம். வருமானம் உடனே தேவையென்றால், பகலிலேயே முடிந்துவிடும் சிறிய நிகழ்ச்சிகளை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நிகழ்ச்சி முடியட்டும் என்று காத்திருக்க இயலாது. அதனால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டாம் பொறுப்பாளர் ஒருவர் கட்டாயம் தேவை. இந்தச் செலவை மிச்சப்படுத்த நினைப்பது, என் கருத்தில், இத்தொழிலில் செய்யக்கூடிய மிக மோசமான சிக்கனம். நீங்கள் இல்லாதபோது அவரே நடத்துவார் என்பதை ஒப்பந்தத்திலும் எழுதிவிடுங்கள். அவர் கையில் ஒரு பக்கத் தாள் இருக்கட்டும்: “2 மணி, ஒலி வண்டி பின்வாசலில், சாவி காவலாளியிடம், மின் இணைப்பு மேடைக்கு இடப்புறம், மீதிப் பணம் மேடையைப் பிரித்தடுக்கிய பிறகு” என்ற அளவுக்கு விவரமாக எழுதியிருந்தால், உங்களுக்குப் போன் செய்யாமலே அவரால் சமாளிக்க முடியும்.

முன்பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். நிகழ்ச்சி முடியும்வரை அது வீட்டுச் செலவுக்கான பணம் ஆகாது.

தாய்ப்பால் கொடுக்கும் வீட்டில் இரவு வேலை முழுவதும் தாயுடையது என்று ஒதுங்கிவிடக் கூடாது; குழந்தையைத் தூக்கிக் கொடுப்பது, ஏப்பம் விடச் செய்வது, துணி மாற்றுவது, திரும்ப உறங்கவைப்பது ஆகிய அனைத்தும் தந்தையால் முடியும். நிகழ்ச்சி நாளன்று மட்டும் இதற்கு உறவினர் ஒருவரை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். மேடையைப் பிரித்து முடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டால், தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டாமல் வேறொருவரை ஓட்டச் சொல்லுங்கள். மறுநாள் எந்தச் சந்திப்பும் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தூங்கி எழுந்த பிறகு, குழந்தையை வாங்கிக்கொண்டு மனைவியைத் தூங்கச் சொல்வதற்கு அந்த நாள் வேண்டும்.