பி.டி. பீரியடைக் கடன் கேட்காதீர்கள்: பள்ளிகளில் உணவும் விளையாட்டும், நாம் செய்யும் தவறுகளும்

வியாழக்கிழமை மதியம், ஏழாவது பீரியட். எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவுப் பிள்ளைகள் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவன் கையில் காற்று குறைந்த வாலிபால். இரண்டு பெண் பிள்ளைகள் ஸ்கிப்பிங் கயிற்றை வராந்தாவிலேயே சுழற்றத் தொடங்கிவிட்டார்கள். படி இறங்கும் நேரத்தில் கணக்கு ஆசிரியர் வருகிறார். “சார், போர்ஷன் முடியல. இந்த ஒரு பீரியட் மட்டும் கொடுத்துடுங்க.” நான் தலையாட்டுவேன். வரிசை அப்படியே திரும்பி வகுப்புக்குள் போகும். பந்து பீரோவுக்குள் போகும்.

உடற்கல்வி ஆசிரியராக இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அப்படித் தலையாட்டியது எத்தனை முறை என்று கணக்கே இல்லை. பிள்ளைகளின் உடல்நலத்துக்காக உறுதிமொழி எடுக்கிறோம், சுவரில் காய்கறிப் படம் ஒட்டுகிறோம். ஆனால் கால அட்டவணையில் முதலில் எது வெட்டுப்படுகிறது, கேன்டீனில் என்ன விற்கிறது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா என்பதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அவர்கள் மனதில் பதிகிற பாடம் அதுதான்.

கடன் போகும் பீரியட்

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வலு சேர்க்கும் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. குதிப்பது, ஏறுவது, கயிறு இழுப்பது எல்லாம் அதில் அடங்கும்.

நம் கணக்கைப் பார்ப்போம். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம். ஒன்று கடன் போய்விட்டால் மிச்சம் 40. வரிசையில் நின்று மைதானத்துக்குப் போக ஐந்து நிமிடம். வருகைப்பதிவு எடுக்க, பந்து எடுத்து வர, திரும்பி வந்து கைகால் கழுவ இன்னொரு பத்து. ஆக, ஒரு வாரத்தில் அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைத்தது 25 நிமிடம். வேண்டியது 420. மாலையில் தெருவில் விளையாடிக்கொள்வான் என்று ஆறுதல் பட முடியாது. டியூஷன் முடிந்து வரும்போது இருட்டிவிடுகிறது.

பீரியடைக் கேட்கும் ஆசிரியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் தேர்ச்சி விகிதம் கேட்க மேலே ஆள் இருக்கிறது. என்னிடம் ‘இந்த வாரம் எத்தனை பேர் ஓடினார்கள்’ என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. தவறு அங்கேதான் தொடங்குகிறது. சி.பி.எஸ்.இ. 2018-ல் 9 முதல் 12 வரை உடற்கல்வியைக் கட்டாயமாக்கியது. ஆனால் எந்தப் பாடத்திட்டமானாலும் பொதுத்தேர்வு வகுப்பு வந்துவிட்டால் காலையில் ஒரு ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஒரு ஸ்பெஷல் கிளாஸ், நடுவில் டெஸ்ட். ஒன்பதாம் வகுப்பு வரை எறிபந்தில் கலக்கிய பெண், பத்தாம் வகுப்பு ஆண்டு முழுக்க மைதானத்தை ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பாள்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியை ஒரு வழி கண்டுபிடித்தார். பி.டி. பீரியடை யார் வாங்கினாலும் அதே வாரத்துக்குள் தன் பீரியட் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும். அதற்கென்று அலுவலகத்தில் ஒரு நோட்டு, அதில் கையெழுத்து. இரண்டு மாதத்துக்குள் கடன் கேட்பதே அருகிப்போனது. பாடமும் எந்த வகுப்பிலும் நின்றுவிடவில்லை.

பன்னிரண்டு பேர் ஆட, மற்றவர்கள் வேப்பமரத்தடியில்

பீரியட் தப்பித்து வந்தாலும் அடுத்த தவறு மைதானத்தில் காத்திருக்கும். வகுப்பில் 45 பேர், பந்து இரண்டு. நன்றாக ஆடும் பன்னிரண்டு பேர் வலைக்கு இரு பக்கமும் நிற்பார்கள். மற்றவர்கள் மரத்தடியில். உடல் கனத்த பிள்ளை, மெலிந்த பிள்ளை, கூச்சப்படும் பிள்ளை, அதாவது விளையாட்டு மிகவும் தேவைப்படும் பிள்ளைகள்தான் அந்த நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். குறுவட்டப் போட்டியில் கோப்பை வந்தால் பள்ளிக்கே பெருமை, மறுக்கவில்லை. ஆனால் பதினைந்து பேர் கொண்ட அணிக்காக முந்நூறு பேரை உட்காரவைத்துவிட்டு அதற்கு விளையாட்டு என்று பெயர் வைக்கக் கூடாது.

எல்லோரையும் ஓடவைக்கும் விளையாட்டு நம்மிடமே ஏராளம். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டால் கிளித்தட்டு. நொண்டி, பாண்டி, கயிறு இழுத்தல், ஸ்கிப்பிங் எதற்கும் பெரிய செலவில்லை. மைதானத்தை நான்காகப் பிரித்து நான்கு குழு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடமாற்றம். விசில் ஊதுகிறவருக்கு அலைச்சல் கூடும், அவ்வளவுதான்.

பெரிய மைதானம் இல்லாத பள்ளிகளுக்கு ஒன்று சொல்கிறேன். 2012-ல் ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங்கில் எலைன் வைலி என்ற தலைமையாசிரியை, பிள்ளைகள் வார்ம்-அப்பிலேயே களைத்துப் போவதைப் பார்த்து, வகுப்பு மொத்தமும் தினமும் 15 நிமிடம் வெளியே போய் ஓடட்டும், முடியாதவர்கள் நடக்கட்டும் என்று தொடங்கினார். உடை மாற்றுவது கிடையாது, பந்து கிடையாது, யார் முதலில் வந்தார் என்ற பேச்சும் கிடையாது. ‘டெய்லி மைல்’ என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. நம் ஊர் வெயிலுக்குக் காலை வழிபாடு முடிந்த கையோடு கட்டிடத்தைச் சுற்றி வந்தால் போதும்.

ஓட்டத்தைத் தண்டனையாக்குவது

இதை நானே செய்திருக்கிறேன். “லேட்டா வந்தியா? கிரவுண்டை நாலு ரவுண்டு ஓடு.” ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், பஸ் தாமதத்தால் வாரம் இருமுறையாவது ஓடுவான். வியர்த்துக் கொட்ட, முதல் பீரியடுக்குள் ஈரச் சட்டையோடு நுழைவான். வகுப்பே சிரிக்கும். அடுத்த ஆண்டு தடகளத்துக்கு ஆள் எடுத்தபோது, அவன் கால் வேகத்தைப் பார்த்து நானே கூப்பிட்டேன். “ஓட்டம் வேண்டாம் சார், நான் என்ன தப்பு பண்ணினேன்?” என்று கேட்டான். அன்றைக்கு வீட்டுக்குப் போயும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பிறகு யாரையும் தண்டனைக்காக ஓடச் சொன்னதில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. சேட்டை செய்தவனுக்கு ‘இன்னிக்கு பி.டி. கிடையாது’ என்பது. கைகால் துறுதுறுவென்று இருக்கும் பிள்ளையிடமிருந்து அவன் ஓடும் ஒரே நேரத்தைப் பிடுங்கினால், அடுத்த பீரியடில் அவன் இன்னும் சேட்டைதான் செய்வான்.

தண்ணீர் பாட்டிலும் கழிப்பறைக் கதவும்

2019-ல் கேரளப் பள்ளிகளில் ‘வாட்டர் பெல்’ வந்தது. தண்ணீர் குடிப்பதற்கென்றே தனி மணி. தமிழ்நாட்டிலும் அந்த வழக்கம் வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மணி அடித்தும் பாட்டிலைத் திறக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெண் பிள்ளைகள். கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, நாற்றம். குடித்தால் போக வேண்டிவரும் என்று காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொள்கிறார்கள். தலைவலி, சிறுநீர்த் தொற்று எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. மணியை அடிக்கும் முன் தாழ்ப்பாளைப் பொருத்த வேண்டும்.

ஏழாம் எட்டாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் மைதானத்திலிருந்து மெதுவாக மறைவதும் இதோடு சேர்ந்த சங்கதிதான். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டே ஓட முடியாது. பி.டி. நாளில் டி-சர்ட்டும் டிராக் பேன்ட்டும் போட்டுவர விட்டால் பாதிப் பேர் திரும்பி வருவார்கள். மாதவிடாய் நாளில் “உடம்பு சரியில்ல சார்” என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள், ஆண் ஆசிரியரிடம் சொல்லக் கூச்சம். துருவிக் கேட்கவும் வேண்டாம், ‘நீ ஆடவே கூடாது’ என்று ஒதுக்கவும் வேண்டாம். ஆடுவதா உட்காருவதா என்பதை அவள் முடிவு செய்யட்டும். பள்ளியில் நாப்கின் எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

“சத்துணவு சாப்பிடுறவங்க கை தூக்குங்க”

1920-ல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் தொடங்கிய மதிய உணவு இது. காமராஜர் காலத்தில் 1956-ல் மாநிலமெங்கும் விரிந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக்கினார். கலைஞர் முட்டையைச் சேர்த்தார். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. நாடே பார்த்துக் கற்றுக்கொண்ட ஏற்பாடு.

அந்தத் தட்டைக் கையில் எடுக்கவே ஆறாம் வகுப்புப் பிள்ளை ஏன் கூச்சப்படுகிறது? காலையில் எண்ணிக்கை எடுக்கும்போது எல்லோர் முன்னாலும் கை தூக்கச் சொல்கிறோம். வீட்டில் கொடுத்துவிட வசதியில்லாதவர்கள் யார் என்று வகுப்புக்கே அறிவித்தது போல ஆகிவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு வயதில் அது சுருக்கென்று குத்தும். எண்ணிக்கையை வகுப்பாசிரியர் சத்தமில்லாமல் குறித்துக்கொள்ளலாம். பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் உணவைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. ருசி பார்ப்பதோடு நிறுத்தாமல், வாரத்தில் ஒருநாள் அதே சாதத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டால் அந்தத் தட்டின் மதிப்பே வேறு. உப்பு கூடினால் உடனே சமையலம்மாவிடம் சொல்லவும் முடியும்.

நேரமும் ஒரு சிக்கல். நாற்பது நிமிட இடைவேளை, இருநூறு பிள்ளைகள், வேலை செய்யும் குழாய் மூன்று. கடைசியில் நிற்பவனுக்குச் சாப்பிடக் கிடைப்பது பத்து நிமிடம். அவன் முட்டையை விழுங்கிவிட்டு, சாம்பாரில் கிடக்கும் கேரட்டையும் முருங்கைக்காயையும் அப்படியே கொட்டிவிட்டு ஓடுவான். காய் பிடிக்காத பிள்ளை என்று பெயர் வைத்துவிடுவோம். குழாயைச் சரிசெய்து, இரண்டு வரிசையாகப் பரிமாறிப் பாருங்கள்.

வீட்டிலிருந்து வரும் டப்பாவைத் திறந்து தீர்ப்புச் சொல்வது இன்னொரு தவறு. பிரெட்டும் ஜாமும் கொண்டுவந்த பிள்ளையின் அம்மா காலை ஆறு மணிக்கே பனியன் கம்பெனி பஸ் ஏறியிருக்கலாம். டப்பாவை வகுப்பு முன் தூக்கிக் காட்டினால் அந்தப் பிள்ளை நாளை ஒளித்துவைத்துச் சாப்பிடும், இல்லை சாப்பிடாமல் இருக்கும். ‘எங்கள் பள்ளியில் முட்டை, மீன் கொண்டுவரக் கூடாது’ என்று சொல்லும் பள்ளிகளை நினைத்தால் மனம் கொதிக்கிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. நெத்திலிக் கருவாட்டை வீட்டில் சுலபமாகச் செய்துகொடுக்கும் தாயிடம் அதைக் கொண்டுவராதே என்று சொல்ல எந்தப் பள்ளிக்கும் நியாயமில்லை. ரத்தசோகைக்காகப் பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். ‘மாத்திரையே ஆகாது’ என்ற பயம் அப்படித்தான் பரவுகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆசிரியர் கண்ணெதிரே போடச் செய்யுங்கள். டீயோடு மட்டும் வேண்டாம், இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது.

பாட்டியை விரட்டிவிட்டு, கேன்டீனைத் திறப்பது

கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்கக் கூடாது, விளம்பரமும் செய்யக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி கொண்டுவந்தது. இதை வைத்து முதலில் யாரை விரட்டுகிறோம்? வாசலில் நெல்லிக்காய், மாங்காய்க் கீற்று, அவித்த கடலை விற்கும் பாட்டியை. உள்ளே கேன்டீனில் பப்ஸும் குளிர்பானமும் பாக்கெட் சிப்ஸும் அடுக்கியிருக்கும். பாட்டியிடம் மூடி போட்ட டப்பா வைக்கச் சொல்லலாம், மிளகாய்த்தூள் உப்பைக் குறைக்கச் சொல்லலாம். கேன்டீனில் சுண்டல், வேர்க்கடலை, கடலைமிட்டாய், வாழைப்பழம், மோர் வைத்தால் விற்காது என்பது பொய். பக்கத்திலேயே பப்ஸ் இருந்தால்தான் விற்காது. ஆண்டு விழாவிலும் விளையாட்டு விழாவிலும் பானக் கம்பெனி பேனரைக் கட்ட விடுவதும் இதே வகைத் தவறுதான்.

250 மில்லி குளிர்பானத்தில் ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து, ஆறு டீஸ்பூன். வகுப்பில் ஒரு கண்ணாடி டம்ளரில் ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டுக் காட்டினால் நான்காவது ஸ்பூனிலேயே “போதும் மிஸ்” என்று குரல் வரும். இப்படிப்பட்ட விவரத்தைப் பலகையில் எழுதிவைக்கச் சொல்லி சி.பி.எஸ்.இ. 2025-ல் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. ‘ஹெல்த் டிரிங்க்’ பாக்கெட்டையும் பிள்ளைகளையே படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெயரில் ஒரு வகையே சட்டத்தில் கிடையாது. 2024-ல் ஒன்றிய வணிக அமைச்சகம் இணையக் கடைகளில் அந்தத் தலைப்பிலிருந்து இவற்றை எடுக்கச் சொன்னது.

பிறந்தநாள் சாக்லேட், சரியான பதிலுக்கு மிட்டாய், இவற்றுக்குப் பதில் ஒரு பென்சில் போதும். உயரமும் எடையும் பார்க்கும் நாளில் எண்ணைச் சத்தமாகப் படிக்காதீர்கள். “ஐம்பத்தெட்டு” என்று ஒருமுறை உரக்கச் சொன்னால், அந்த எண்ணே அந்தப் பிள்ளைக்குப் பட்டப்பெயராகிவிடும். ஆண்டுக்கு ஒருநாள் சிறுதானியத் திருவிழா நடத்தி, அம்மாக்கள் விடிய விடிய சமைத்துக் கொண்டுவந்ததைப் படம் எடுத்துவிட்டு மறுநாள் பழைய கேன்டீனுக்கே திரும்புவதில் பயன் எதுவும் இல்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அங்கே கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தனியார் பள்ளியானால் பெற்றோர் கூட்டத்தில் மார்க் பேசி முடித்ததும் எழுந்து கேளுங்கள். போகும் முன் இரவு பிள்ளையின் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே திரும்பி வந்திருந்தால், அந்தப் பாட்டிலைக் கையோடு கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள்.