காலேஜ்ல ஃபிலிம் கிளப் நடத்தணுமா? நாங்க சொதப்புனதுல இருந்து தொடங்குங்க

நாங்க கிளப் ஆரம்பிச்ச முதல் நாள் போட்ட படம் செவன் சாமுராய்ங்கிற பழைய ஜப்பான் படம். 207 நிமிஷம். நாலு மணிக்கு படம், அஞ்சேகாலுக்கு காலேஜ் பஸ், இந்தக் கணக்கை ஒருத்தர் கூட போட்டுப் பாக்கல. ஏழு சாமுராயும் ஒண்ணு சேர்றதுக்குள்ள வெளிய ஹாரன் அடிச்சுட்டான், ஹால் நிறைய இருந்த கூட்டம் பையைத் தூக்கிட்டு ஓடிருச்சு, கடைசில மிஞ்சினது ஹாஸ்டல் பசங்க ஆறு பேரு, அதுலயும் ரெண்டு பேரு நல்ல தூக்கம். அதனால படம் எதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி வேற வேலை இருக்கு.

ஸ்டெப் 1: கிழமையை முடிவு பண்ணுங்க

ரெண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை, அதே ஹால், அதே நேரம். இதை மாத்தவே மாத்தாதீங்க. நாலு பேரு தான் வந்தாலும் போடுங்க, ஒரு தடவை கேன்சல் பண்ணிட்டா அடுத்த தடவை "இன்னைக்கு இருக்கா இல்லையா"ன்னு கேட்டே பாதிப்பேரு கிளம்பிடுவாங்க. இன்டர்னல்ஸ் வாரம் மட்டும் லீவு, அதையும் செமஸ்டர் ஆரம்பத்துலயே சொல்லிடுங்க. லோகோ, பேரு, போஸ்டர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

ஸ்டெப் 2: லெட்டர்

ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியா பெர்மிஷன் கேட்டா கையெழுத்துக்கு அலைஞ்சே செமஸ்டர் முடிஞ்சிரும். எல்லா தேதியும் போட்டு ஒரே லெட்டரா ஹெச்ஓடி வழியா பிரின்சிபாலுக்கு குடுங்க, கூட இருக்கப்போற ஸ்டாஃப் பேரையும் எழுதுங்க. படத்தோட சர்டிஃபிகேட்டைப் பாருங்க, ஃபர்ஸ்ட் இயர்ல நிறைய பேருக்கு 17 வயசு தான் ஆகியிருக்கும், 'ஏ' படம் அவங்களுக்குப் போடக்கூடாது.

காப்பிரைட் பத்தி எல்லாரும் கேப்பாங்க. 1957 காப்பிரைட் சட்டம் 52வது பிரிவுல கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு இருக்கு, காலேஜ் நடவடிக்கையா போடுற படத்தை ஸ்டாஃப், ஸ்டூடண்ட்ஸ், அவங்க அப்பா அம்மா, காலேஜோட சம்பந்தப்பட்டவங்க மட்டும் பாக்கலாம். அதனால பக்கத்து காலேஜ் ஃப்ரெண்டைக் கூட்டிட்டு வராதீங்க, டிக்கெட் வேண்டாம், திருட்டு பிரிண்ட் வேண்டவே வேண்டாம். சென்னைல இருந்தா ஃப்ரெஞ்சு கல்ச்சர் சென்டரான அலையன்ஸ் ஃப்ரான்சேஸ்லயும் ஜெர்மன் கல்ச்சர் சென்டரான கெத்தே இன்ஸ்டிட்யூட்லயும் படம் கிடைக்குமான்னு ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. சத்யஜித் ராய் தலைவரா இருந்து 1959ல ஆரம்பிச்ச ஃபெடரேஷன் ஆஃப் ஃபிலிம் சொசைட்டீஸ்ல (ஃபிலிம் கிளப்புகளோட கூட்டமைப்பு) கேம்பஸ் கிளப்புகளும் சேரலாம், ஆனா அதெல்லாம் கிளப் ஒரு வருஷம் ஓடினப்புறம் யோசிங்க.

ஸ்டெப் 3: படம்

குரூப்ல ஓட்டெடுப்பு வெக்காதீங்க, வெச்சா ஒவ்வொரு தடவையும் ஒரே ஹீரோ தான் ஜெயிப்பாரு. ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் படத்தைத் தேர்ந்தெடுக்கணும், அந்த ஆளே அன்னைக்குப் பேச்சையும் நடத்தணும், இது தான் எங்க ரூல். தொடக்கத்துல ஒன்றரை மணி நேரத்துக்குள்ள முடியுற படமா பாருங்க. எங்களைக் காப்பாத்தினது 1997ல வந்த ஈரான் படம் சில்ட்ரன் ஆஃப் ஹெவன், 89 நிமிஷம் தான். பேசுறதுக்கும் நேரம் வேணும்ல, அதனால பிரின்சிபால் கிட்ட கெஞ்சி புதன்கிழமை மட்டும் மூணேகாலுக்கே ஆரம்பிக்க பெர்மிஷன் வாங்கிட்டோம்.

ஸ்டெப் 4: முந்தின நாளே ஹால்ல போட்டுப் பாருங்க

இதைத் தான் எல்லாரும் ஸ்கிப் பண்ணுவாங்க. லேப்டாப்ல இருந்து ப்ரொஜெக்டருக்கு ஹெச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினதும் படம் வந்துரும், ஆனா சவுண்டு ப்ரொஜெக்டர்ல இருக்குற தம்மாத்தூண்டு ஸ்பீக்கருக்குப் போயிடும், லேப்டாப் சவுண்டு செட்டிங்ல போய் ஹெட்ஃபோன் அவுட்டுக்கு மாத்தி அங்கிருந்து ஆக்ஸ் கேபிள்ல (ஹெட்ஃபோன் ஓட்டைல சொருகுற ஒயர்) ஹாலோட சவுண்டு மிக்ஸருக்குக் குடுக்கணும். ஹால் ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'னு இரைச்சல் வந்தா பதறாதீங்க, லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க, பெரும்பாலும் நின்னுரும். எங்களுக்கு இதைச் சொல்லிக்குடுத்தது ஹால் சாவி வெச்சிருக்குற அட்டெண்டர் அண்ணா தான், நாங்க அரை மணி நேரமா மிக்ஸரைத் திருகிட்டு இருந்தோம்!

ஓடிடில இருந்து போட்டா விஜிஏ கேபிள் மாட்டுற பழைய ப்ரொஜெக்டர்ல சில சமயம் சப்டைட்டில் மட்டும் வரும், படம் கறுப்பா இருக்கும். டிவிடி இருந்தா நிம்மதி. விஎல்சி ப்ளேயர்ல (லேப்டாப்ல படம் ஓட்டுற சாஃப்ட்வேர்) சப்டைட்டில் வசனத்துக்கு முன்னாடியே வந்தா 'ஹெச்' கீ, லேட்டா வந்தா 'ஜி' கீ, தட்டித் தட்டி சரி பண்ணலாம். செமினார் ஹால் தரை சமமா இருந்தா முன்னாடி இருக்குறவங்க தலை சப்டைட்டிலை மறைக்கும், அதனால ஸ்க்ரீனை முடிஞ்ச வரை மேல ஏத்துங்க, கடைசி வரிசைல உக்காந்து ஒரு தடவை படிச்சுப் பாருங்க. வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணுங்க, ஏன்னு கேக்காதீங்க.

ஸ்டெப் 5: பேச்சு

இது இல்லேன்னா அது கிளப் இல்ல, ஓசி படம். லைட்டு போட்டதும் "படம் எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டீங்கன்னா "சூப்பர்"னு ஒரு பதில் வரும், அத்தோட முடிஞ்சுது. "எந்த ஒரு ஷாட் கண்ணுக்குள்ள நிக்குது"ன்னு கேளுங்க. சில்ட்ரன் ஆஃப் ஹெவன் போட்ட அன்னைக்கு நாங்க அப்படித் தான் கேட்டோம். தங்கச்சி ஷூவைத் தொலைச்சிட்டு, தன் ஷூவையே ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்குற ஒரு பையனோட கதை அது. முதல்ல ஒருத்தன் கடைசில அந்தப் பையன் கொப்பளிச்ச காலைத் தண்ணில வெக்கும்போது மீனுங்க வந்து மொய்க்கிறதைச் சொன்னான். "பாவம், தங்கச்சிக்கு ஷூ கிடைக்கவே இல்லல்ல"ன்னு இன்னொருத்தன். உடனே பின்னாடி இருந்து ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு, அதுவரைக்கும் வாயே திறக்காதவ, "இல்லண்ணா, அப்பா சைக்கிள்ல ஷூ இருந்துச்சே"ன்னா. பாதி ஹால் பாக்கவே இல்ல! சண்டையே வந்துருச்சு. ரீவைண்ட் பண்ணிப் போட்டோம், அப்பா சைக்கிள்ல சாமானோட சாமானா ஷூ இருக்கு, வந்த வேகத்துல போயிடுது. அதை ஏன் டைரக்டர் நம்மகிட்ட மட்டும் காட்டிட்டு பிள்ளைங்ககிட்ட காட்டலன்னு பேச ஆரம்பிச்சோம், அன்னைக்கு நாலஞ்சு பேரு பஸ்ஸை விட்டுட்டு டவுன் பஸ்ல போனாங்க.

அதனால சண்டை வர்ற சீனோட நிமிஷத்தைக் குறிச்சு வெச்சுக்கோங்க, திரும்பப் போட்டுப் பாக்க வசதி. நாற்காலியை வட்டமா திருப்பிப் போடுங்க. ஸ்டாஃப் கிட்ட முன்னாடியே "மேம், நீங்க மட்டும் கடைசியா பேசுங்க, ப்ளீஸ்"னு சொல்லிடுங்க, அவங்க முதல்ல பேசிட்டா மத்தவங்க எல்லாம் நோட்ஸ் எடுக்க ஆரம்பிச்சிடுவாங்க. கதை சொல்லியே நேரத்தைத் தின்னுற ஒரு அண்ணன் எல்லா கிளப்லயும் இருப்பாரு, அவரை டீ வாங்க அனுப்புங்க.

எல்லாம் முடிஞ்சதும் ப்ரொஜெக்டரை மெயின்ல அணைக்காதீங்க, ரிமோட்ல ஆஃப் பண்ணிட்டு ஃபேன் சத்தம் நிக்கிற வரைக்கும் காத்திருங்க, லேம்ப் ஆறணும். அந்த கேப்ல நாற்காலியைப் பழையபடி அடுக்கிட்டா அண்ணா அடுத்த புதனும் சிரிச்சுக்கிட்டே சாவி குடுப்பாரு.