செம்மண் பாதையில் ஜீப்: புதிதாக இறங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரிலிருந்து கனகபுரா பக்கமோ, மாகடி பக்கமோ, ஆனேக்கல் தாண்டித் தளி பக்கமோ ஒரு மணி நேரம் போனால் தார்ச்சாலையிலிருந்து செம்மண் பாதைகள் பிரியத் தொடங்கும். ஜிம்னி, மகிந்திரா தார் மாதிரி நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியைப் புதிதாக வாங்கியவர்களுக்கு அதைக் கண்டதும் கை பரபரக்கும். வண்டி கெட்டால் மெக்கானிக் சரி செய்துவிடுவார். பாதை கெட்டால் தினமும் அதில் நடப்பவர்கள்தான் மாதக்கணக்கில் அவதிப்பட வேண்டும். அதனால் பாதையைக் கெடுக்கும் தவறுகளிலிருந்தே தொடங்குகிறோம்.

ஆளில்லாத பாதை என்று நினைப்பது

காலை ஆறரைக்கு டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, ஊர்ப் பால் சங்கத்தில் ஊற்ற ஒருவர் போவார். அவர் பின்னாலேயே மாடுகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். மாலையிலும் இதே கதைதான். எட்டரைக்கு மேல் நுழைந்து நாலரைக்குள் வெளியே வந்துவிட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

கூகுள் மேப்பில் கோடு தெரிவதால் மட்டும் அது பொதுப்பாதை ஆகிவிடாது. ஒருவருடைய தோட்டத்துத் தடமாகவும் இருக்கலாம், ஏரிக்கரையாகவும் இருக்கலாம். கர்நாடக வருவாய்த்துறையின் திஷாங்க் செயலியைத் திறந்தால் நீங்கள் நிற்கும் இடத்தின் சர்வே எண் தெரியும். அதைவிட நல்லது, வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் போய், “யஜமான்ரே, ஈ தாரியல்லி ஹோகபஹுதா?” (ஐயா, இந்த வழியில் போகலாமா?) என்று கன்னடத்தில் கேட்பது. உட்கார்ந்தபடி கண்ணாடியை இறக்கிக் கேட்டால் கிடைக்கும் பதில் வேறு, இறங்கிக் கேட்டால் கிடைக்கும் பதில் வேறு. தமிழ்நாட்டுக்குள் இருக்கும் தளிப் பக்கம் தமிழிலேயே கேட்கலாம்.

காடு என்றால் ஊராரைக் கேட்டு நுழையும் பேச்சே இல்லை. பன்னேர்கட்டா தேசியப் பூங்காவுக்குள்ளோ காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள்ளோ அனுமதியின்றி வண்டியை விடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ராகி முற்றும் நவம்பர், டிசம்பரில் யானைகள் காட்டைவிட்டுத் தளி, ஓசூர்ப் பக்கத்து வயல்களுக்கு இறங்கும். பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பாதைகளில் வண்டி ஓட்டவே வேண்டாம்.

மழை பெய்த மறுநாளே கிளம்புவது

தவறுகளில் பெரியது இதுதான். சேறு தெறிக்க ஓட்டுவதுதான் ஆஃப்ரோடு என்ற எண்ணம் புதியவர்களிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. களி கலந்த செம்மண் நனைந்தால் மேலே இரண்டு அங்குலம் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். அதில் ஒன்றரை டன் வண்டி, பட்டன் பெரிதாக இருக்கும் டயரோடு போனால் நாலைந்து அங்குலத்துக்குத் தடம் விழும். இரண்டு நாள் வெயிலில் அந்தத் தடம் செங்கல்லாக இறுகும். அப்புறம் பால் கேனோடு வரும் எக்ஸெல்லின் முன்சக்கரம் அதில் மாட்டினால் ஹேண்டில் திரும்பாது. ஆள் ஒரு பக்கம், பால் ஒரு பக்கம். அடுத்த மழைத் தண்ணீர் அந்தத் தடத்திலேயே ஓடி அதை வாய்க்காலாக அரித்துவிடும்.

பாதையின் தொடக்கத்திலேயே இறங்கிக் குதிகாலை ஊன்றிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் புதைந்தால் வண்டியைத் திருப்புங்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினால் உதிராமல் உருண்டையாக நின்றாலும் அதே முடிவுதான். நல்ல மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் முழு வெயில் அடிக்க வேண்டும். ஏரிப்படுகைக்கு அந்தக் கணக்கு செல்லாது: மேலே காய்ந்து வெடித்திருக்கும், அடியில் களி குழம்பாகவே கிடக்கும். அங்கே இறங்கவே வேண்டாம்.

நடுவில் குட்டை தேங்கி நின்றால் அதைச் சுற்றிப் போகும் பழக்கமும் கெட்டது. ஒவ்வொரு வண்டியும் ஓரடி தள்ளிப் போகப்போக, பாதை அகன்று வரப்பைத் தின்றுவிடும். அடி கெட்டியாக இருந்தால் நடுவிலேயே மெல்லப் போங்கள்; இல்லையென்றால் திரும்பிவிடுங்கள்.

புழுதியும் கொள்ளுக்கொடியும்

ராமநகரா, கனகபுரா பக்கம் பாதையோரம் முழுக்க மல்பெரித் தோட்டம். புழுதி படிந்த இலை பட்டுப்புழுவுக்கு ஆகாது. ஐம்பதில் போகும் ஒரு வண்டி கிளப்பும் புழுதி இரண்டு மூன்று வரிசைச் செடிகளைக் கெடுத்துவிடும். பதினைந்து, இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வேண்டாம். குறுக்கே சொட்டுநீர்க் குழாய் கிடந்தால் ஏற்றிவிடாதீர்கள். ஆளைக் கூப்பிட்டு நகர்த்தச் சொல்லுங்கள்.

அறுவடைக் காலத்தில் ராகிக் கதிரையும் கொள்ளுக்கொடியையும் சாலையிலேயே பரப்பி, வண்டி ஏறட்டும் என்று விட்டிருப்பார்கள். ராகி பரவாயில்லை. கொள்ளுக்கொடி கயிறு மாதிரி ஆக்சிலில் சுற்றிக்கொள்ளும். சூடான சைலன்சரை ஒட்டிக் காய்ந்த கொடி சேர்ந்தால் தீப்பிடிக்கும். ஓரமாகப் போக வழியில்லாமல் அதில் ஏறிவிட்டீர்கள் என்றால், தாண்டியதும் நிறுத்தி, டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பார்த்து, கொடியை அறுத்து எடுங்கள். டூல் பையில் ஒரு கதிர் அரிவாளும், சீட்டுக்கடியில் தீயணைப்பானும் இருக்கட்டும்.

ஃபோர் வீலைத் தப்பான நேரத்தில் போடுவது

ஜிம்னி, தார் வண்டிகளில் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் (இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. ஃபோர் எச் (நாலு சக்கரமும் இழுக்கும் வழக்கமான நிலை) போட்டால் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும்; மண்ணில் அந்த வித்தியாசத்துக்கு டயர் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும், காய்ந்த தார்ச்சாலையில் கொடுக்காது. ஸ்டியரிங் இறுகி வண்டி இழுத்து இழுத்துப் போகும். அப்படியே ஓட்டினால், இன்ஜின் விசையை இரண்டு ஆக்சிலுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும்.

மாட்டிக்கொண்ட பிறகு ஃபோர் எச் போடுவது இதற்கு நேர்மாறான தவறு. அதற்குள் பின்சக்கரங்கள் குழி பறித்திருக்கும். மண் தொடங்கும் இடத்திலேயே போட்டுவிடுங்கள். செங்குத்தான இறக்கத்துக்கு முன் வண்டியை நிறுத்தி ஃபோர் எல் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு சுற்றும் நிலை), முதல் கியர். கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். சக்கரம் வீணாகச் சுற்றினால் உடனே ஆக்சிலரேட்டரை விடுங்கள். சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும்.

காற்று

டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவிலிருந்து கால் பங்கைக் குறைத்தால் பெரும்பாலான மண்பாதைக்குப் போதும்: 28 பிஎஸ்ஐ என்றால் 21. டயர் கல்லின் மேல் பரவி உட்காரும், மண்ணையும் குறைவாகப் பறிக்கும். 15-க்குக் கீழே இறக்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். பேட்டரியில் கவ்வும் கம்ப்ரஸர் கையில் இல்லையென்றால் குறைக்கவே வேண்டாம். குறைத்த காற்றோடு நைஸ் ரோடு மாதிரி விரைவுச்சாலையில் ஏறினால் டயர் சூடேறி வெடிக்கும்.

தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவது

முதலில் ஒருவர் கம்பு ஊன்றி நடந்து பார்க்கட்டும். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் ஆழம் இருந்தாலோ, நடப்பவரின் காலை ஓட்டம் இழுத்தாலோ திரும்பிவிடுங்கள். இறங்கினால் நடை வேகம், ஒரே சீர். நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்: தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெளியே வந்ததும் பிரேக்கை லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைத்துவிடுங்கள். ஆக்சிலுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியலின் ஆயில் பால் விட்ட காபி மாதிரி ஆகியிருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மாற்ற வேண்டும்.

கயிறு கட்டி இழுப்பது

உயிர் போவது இங்கேதான், அதனால் அவசரமே கூடாது. டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் ஒருபோதும் இழுக்கும் பட்டையை மாட்டாதீர்கள். வேகமாக இழுக்கும்போது அது முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பறந்து கண்ணாடியைத் துளைக்கும். சேஸிஸோடு போல்ட் போட்ட ரிகவரி பாயின்ட்டில் மட்டுமே மாட்ட வேண்டும். சாதாரண டோ பட்டை நீளாது. அதை வெடுக்கென்று இழுத்தால் கொக்கியைப் பிடுங்கும். வெடுக்கென்று இழுக்க, நீளும் வகை கைனெடிக் பட்டைதான் வேண்டும். அதோடு 4.75 டன் முத்திரை உள்ள ஷாக்கிள் (பட்டையை மாட்டும் யு வடிவ இரும்புக் கொக்கி) இரண்டு. ஷாக்கிளின் திருகாணியை முழுக்க முறுக்கி, கால் சுற்று தளர்த்துங்கள். இல்லையென்றால் இழுத்த பிறகு கையால் கழற்ற வராது. பட்டையின் நடுவில் ஈரச் சாக்கோ கனமான போர்வையோ போடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் பட்டையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டில் நிற்கட்டும். ஊர்ப் பிள்ளைகள் ஓடி வருவார்கள், அவர்களைத் தள்ளி நிறுத்த ஒருவரை ஒதுக்குங்கள்.

பெரும்பாலும் கயிறே தேவைப்படாது. மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் சரிவாக வெட்டி, காற்றை 18-க்கு இறக்கினாலே வண்டி வெளியே வந்துவிடும். வந்த பிறகு அந்தக் குழியை மூடி மிதித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

தார்ச்சாலை ஏறுமுன்

காற்றை நிரப்புங்கள், ஃபோர் எச்சிலிருந்து டூ எச்சுக்கு (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) மாற்றுங்கள். ரிம்மின் உள்பக்கத்துச் சேற்றைக் குச்சியால் சுரண்டிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மண் ஒட்டியிருந்தால் எண்பதில் ஸ்டியரிங் உதறும், வீல் பேலன்ஸ் போய்விட்டதென்று வீணாக டயர் கடைக்குப் போவீர்கள். சுரண்டிய மண்கட்டி சாலையில் கிடந்தால் பின்னால் வரும் பைக் வழுக்கும். அதையும் ஓரமாகத் தள்ளிவிட்டு ஏறுங்கள்.