பாதம் பிடிக்கும் என்று துணையிடம் சொல்வது எப்படி?

பாதத்தின் மீது ஆசை வருவது ஒன்றும் உலகத்தில் இல்லாத கூத்து இல்லை. உடல் உறுப்புகள் மீதான தனி ஈர்ப்புகளில் பாதம்தான் முன்னணியில் இருக்கிறது என்று 2007-இல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வு சொன்னது. மூளையில் பாதத்துக்கும் பிறப்புறுப்புக்கும் உரிய பகுதிகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் காரணமாக இருக்கலாம் என்பது நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனின் ஊகம். பெண்கள் பாதத்தில் செம்பஞ்சுக் குழம்பு பூசிய ஊர்தானே நம்முடையது!

சரி, மனைவியிடம் எப்படிச் சொல்வது? படுக்கையில் திடுதிப்பென்று வேண்டாம். மதுரை தெற்காவணி மூல வீதி நகைக்கடையில் கொலுசு பார்க்கும்போது, "உன் பாதம்னா எனக்குத் தனி இஷ்டம்" என்று மெதுவாக ஆரம்பியுங்கள். சிரித்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. அப்புறம் ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் கால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நல்லெண்ணெய் தொட்டுக் குதிகாலிலிருந்து விரல் வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துவிடுங்கள், சித்திரைத் திருவிழாவுக்கு மாசி வீதியெல்லாம் சுற்றி வந்த கால் என்றால் கேட்கவே வேண்டாம். மெட்டி போட்ட விரலைச் சொடுக்காதீர்கள், வலிக்கும். கூசுகிறது, வேண்டாம் என்றால் அந்த நிமிஷமே நிறுத்திவிடுங்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் காலைத் திருட்டுத்தனமாகப் போட்டோ எடுப்பதெல்லாம் இந்தக் கணக்கிலேயே வராது, அது பொறுக்கித்தனம்.